நம் கஞ்சி குடிக்காத உயிர்கள்

பெங்களூர்
11-8-1976

பிரியமுள்ள தங்கச்சி பொன்னுமணிக்கு,

அண்ணன் தவசி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. மெஸ் சாம்பாரைத் தவிர வேறு நோய் கிடையாது. ராசிங்காபுரத்தில் நீயும் மாப்பிள்ளை காசிமாயனும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சிலமலைக்குப் போய் அம்மாவைப் பார்த்தாயா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போன மாதம் அமெரிக்கர்களின் விண்கலம் ஒன்று செவ்வாயில் இறங்கியதைப் பேப்பரில் பார்த்திருப்பாய். அது வெறும் போட்டோ பிடிக்கப் போகவில்லை. கையை நீட்டிக் கொஞ்சம் மண் அள்ளி, தன் வயிற்றுக்குள் இருக்கும் டப்பாவில் போட்டு, அதன் மேல் ஒரு சொட்டு சத்துநீர் விட்டிருக்கிறது. நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் கஞ்சி ஊற்றியிருக்கிறது. மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர் இருந்தால் கஞ்சியைக் குடிக்கும், குடித்தால் மூச்சு விடும், அந்த மூச்சைக் கருவி பிடித்துவிடும் என்று கணக்கு.

எங்கள் ஆராய்ச்சிக் கழகத்தில் காலை காப்பியிலிருந்து இதே பேச்சுதான். மெட்ராஸ் அறிவியல் மாத இதழ் ஒன்றின் ஆசிரியர் என்னிடம் கட்டுரை கேட்டிருக்கிறார். பூமியைப் போன்ற இடங்களில் மட்டும்தான் உயிரைத் தேட வேண்டுமா என்பது கேள்வி. வேண்டியதில்லை என்பது என் கட்சி. தண்ணீர் வேண்டும், மிதமான சூடு வேண்டும், காற்று வேண்டும் என்று நாமே நிபந்தனை போட்டுக்கொண்டு தேடினால், நம்மைப் போன்றது மட்டும்தானே அகப்படும்?

விஞ்ஞானம் படிக்காத ஒருவருக்குப் புரிந்தால்தான் அச்சேற்றுவாராம் அவர். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்துவிட்டு, யார் சொன்னாலும் தலையாட்டாத ஒரே ஆள் எனக்குத் தெரிந்து நீதான். எழுத எழுத உனக்கு அனுப்புகிறேன். திட்டலாம், ஆனால் பதில் போடாமல் இருக்காதே.

அன்புடன்,
தவசி


போடி
20-9-1976

அண்ணே,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அப்படியே இரு. அம்மாவின் முழங்கால் வலி குறையவில்லை. வாய் மட்டும் நல்ல பலமாக இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். இனி ராசிங்காபுரத்துக்கு எழுதாதே. மழைக்காலத்தில் தபால் ஒழுங்காக வருவதில்லை. போடியில் ஜீப்பு நிற்கிற இடத்துக்கு எதிரே ராமுத்தாய் காப்பிக்கடை இருக்கிறது. அந்த விலாசத்தில் என் பெயரைப் போட்டு எழுது. நான் அடிக்கடி அந்தப் பக்கம் வருகிறேன்.

இனி உன் செவ்வாய்க்கு வருகிறேன். நம்ம வீட்டுச் செவலைப்பசு காணாமல் போனபோது நீ எங்கே தேடினாய்? கண்மாய்க் கரையில், புல் இருக்கிற பக்கம். கல்லைத் தின்று பிழைக்கிற பசுவும் இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டு நீ பாறைமேல் ஏறியிருந்தால் அப்பா உன் படிப்பை அன்றைக்கே நிறுத்தியிருப்பார். தெரிந்ததைத் தேடினால், கிடைத்தவுடன் இதுதான் என்று தெரியும். தெரியாத ஒன்றைத் தேடிப் போனால், அது உன் எதிரே வந்து நின்றாலும் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பாய்? இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் கட்டுரை எழுது.

ஏலக்காய் எடுப்பு ஆரம்பித்துவிட்டது. ஜீப்பு ஜீப்பாகப் பெண்கள் மலைக்கு வருகிறார்கள். இங்கே இப்போதே குளிர் தொடங்கிவிட்டது. உனக்கு அனுப்ப ஏலக்காய் கொஞ்சம் வைத்திருக்கிறேன். போடிக்கு வருகிற ஆள் யாராவது இருந்தால் சொல்.

தங்கச்சி,
பொன்னுமணி


பெங்களூர்
18-10-1976

பொன்னுமணிக்கு,

நலமாக இருக்கிறேன். உன் கடிதத்தை மூன்று பேருக்குப் படித்துக் காட்டினேன். செவலைப்பசு எங்கள் கழகத்தில் இப்போது பிரபலம்.

செவ்வாயில் நடந்ததைக் கேள். கஞ்சி ஊற்றியதும் மண்ணிலிருந்து வாயு வந்தது! எல்லோரும் துள்ளிக் குதித்தார்கள். பிறகு இன்னொரு கருவி அதே மண்ணைச் சுட்டுப் பார்த்தது. உயிரின் உடம்பில் இருக்க வேண்டிய சரக்கு ஒரு துளிகூட இல்லை. அது வெறும் ரசாயன வேலை என்று பலர் சொல்கிறார்கள். ஒருசிலர் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

எனக்கு இருக்கிற கவலை வேறு. யுகக்கணக்கில் தண்ணீரையே பார்க்காமல் பழகிய ஓர் உயிர் அங்கே இருக்கிறது என்று வைத்துக்கொள். அதன் தலையில் போய் நம் கஞ்சியைக் கொட்டினால் என்ன ஆகும்? விருந்து வைத்தோம் என்று நினைத்துக்கொண்டு மூழ்கடித்திருப்போம். சனியைச் சுற்றுகிற நிலவு ஒன்று இருக்கிறது. அதன் காற்றில் மீத்தேன் கலந்திருக்கிறது, தாங்க முடியாத குளிர். அங்கே தண்ணீருக்குப் பதில் வேறு திரவத்தை நம்பிப் பிழைக்கிற ஒன்று ஏன் இருக்கக் கூடாது?

அடையாளம் எப்படித் தெரியும் என்று கேட்டாய். உருவத்தைத் தேடக் கூடாது. அது தன்னைச் சுற்றி என்ன மாற்றம் செய்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆள் குடியிருக்கும் வீட்டையும் பூட்டிக் கிடந்த வீட்டையும் வாசலில் நின்றே சொல்லிவிடுகிறோம் அல்லவா? அதுபோல ஒரு கோளின் காற்றைப் பார்த்தே சொல்லலாம் என்கிறார்கள். இது போதுமா?

மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதவில்லையே, நன்றாக இருக்கிறாரா? ராமுத்தாய் கடையில் உனக்கு என்ன அவ்வளவு சோலி? தீபாவளிக்கு வர முடியாது, மன்னித்துக்கொள்.

தவசி


போடி மலை
9-1-1977

அண்ணே,

பொங்கல் வருகிறது. நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டேன். நான் நன்றாக இருக்கிறேன். இந்தத் தடவை அதை உண்மையாகவே எழுதுகிறேன்.

எழுதி எழுதிக் கிழித்ததில்தான் இத்தனை நாள் போனது. அண்ணே, நான் ராசிங்காபுரத்தில் இல்லை. ஆவணி மாதத்திலிருந்து மலையில் இருக்கிறேன்.

எனக்குப் பிள்ளை இல்லாததால் அவருக்கு வேறு பெண் பார்த்துவிட்டார்கள். மாமியார் என்னிடம் கோபமாகச் சொல்லவில்லை, நல்ல மனதோடுதான் சொன்னார். “ஒன்னைய யாரும் போகச் சொல்லலத்தா. நீ பாட்டுக்கு மூத்தவளா ஒரு ஓரமா இருந்துட்டுப் போ.” உன் மாப்பிள்ளையும் பக்கத்தில்தான் நின்றார், வாயைத் திறக்கவில்லை. அவர் அடித்தார், வைதார் என்று சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. என்னிடம் இத்தனை வருஷத்தில் அவர் பேசியதை எல்லாம் சேர்த்து ஓர் இன்லண்டு லெட்டரில் எழுதிவிடலாம், விலாசம் எழுத இடமும் மிஞ்சும். சோறு வைத்தால் சாப்பிடுவார், தண்ணீர் வைத்தால் குடிப்பார். யார் வைத்தது என்று நிமிர்ந்து பார்த்ததில்லை.

ஓரமாக இரு என்றார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் காய் எடுக்கப் போகிற பெண்களோடு ஜீப்பில் ஏறினேன். சாயந்தரம் அவர்கள் இறங்கினார்கள், நான் இறங்கவில்லை. நம்ம சிலமலை இருளம்மாளை உனக்கு ஞாபகம் இருக்கும்; புருஷன் செத்த பிறகு மலையேறியவள். அவள் வீட்டில்தான் இருக்கிறேன். பகலில் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும் வேலை. கீழே விறகு எரியும், மேலே தட்டுகளில் காயைப் பரப்பிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கண் எரியும், ஆனால் பழகிவிட்டது. கைவிட்டுக் கிடந்த ஒரு துண்டுத் தோட்டத்தை நாங்கள் இருவரும் பாட்டத்துக்கு, நம்ம ஊர்க் குத்தகை மாதிரி, எடுத்திருக்கிறோம். அடுத்த எடுப்பில் எங்கள் சொந்தக் காய் வரும்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். எனக்கு இந்த உறவை அறுத்துவிட வேண்டும். நம்ம பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். ஊர்ப் பெரியவர் முன்னால் ஒரு வைக்கோல் துரும்பின் ஒரு முனையைப் புருஷனும் மறுமுனையைப் பெண்ணின் கூடப்பிறந்தவனும் பிடித்துக் கிள்ளிப்போட்டால்தான் உறவு முடியும். நீ இருக்கும்போது சித்தப்பா பிடித்தால் செல்லாது. அம்மாவோ, “போயி அவன் கால்ல விழு” என்கிறாள். பெண் வீட்டில் ஒரு துக்கம் என்பதால் கல்யாணத்தை வருகிற ஆவணிக்குத் தள்ளியிருக்கிறார்கள். அதற்குள் துரும்பு கிள்ளாவிட்டால் சாகிற வரைக்கும் நான் அந்த வீட்டு மூத்தவள்தான்.

மாசிக்குள் வா அண்ணே. உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

பொன்னுமணி


பெங்களூர்
22-2-1977

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

காசிமாயன் செய்தது தவறுதான். ஆனால் அவசரப்படாதே. துரும்பு கிள்ளுவது ஒரு நிமிஷ வேலை, பிறகு ஒட்ட முடியாது. அந்த மலையில் ஒரு பெண் எப்படிக் காலம் தள்ளுவாய்? ஆண் துணை இல்லை, சொந்தமாக நாலு சுவர் இல்லை, நல்லது கெட்டதுக்கு வர உறவு இல்லை. மழையும் அட்டையும் குளிரும். ஓர் ஆறு மாதம் வைராக்கியத்தில் ஓடும். பிறகு? மனுஷ வாழ்க்கைக்கு என்று சில தேவைகள் இருக்கின்றன, பொன்னுமணி. மூத்தவளாக இருந்தாலும் அது ஒரு வீடு. நான் காசிமாயனுக்குக் கண்டித்து எழுதுகிறேன். நீ முதலில் இறங்கி அம்மா வீட்டுக்காவது போ. மாசியில் எனக்கு லீவும் கிடைக்காது.

மனசு சரியில்லாத நேரத்தில் இதை அனுப்பலாமா என்று யோசித்தேன். ஆசிரியர் அவசரப்படுத்துவதால் கட்டுரையின் முதல் பாதியை இத்துடன் வைத்திருக்கிறேன். ‘உயிருக்கு இன்னின்ன தேவை என்று பட்டியல் போடுகிறவர்கள், தங்கள் வீட்டுச் சமையலறையைப் பார்த்துப் பட்டியல் போடுகிறார்கள்’ என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கிறேன். அந்த வரி எப்படி இருக்கிறது என்று சொல்.

கவலையுடன்,
தவசி


போடி மலை
20-3-1977

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

இங்கே நலம். தாங்களும் நலமாக இருக்க வேண்டும்.

கடிதமும் கட்டுரையும் கிடைத்தன. நீங்கள் கேட்ட வரி நன்றாக இருக்கிறது. கட்டுரை முழுவதும் புரிந்தது. எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

மாசி முடிந்துவிட்டது.

இப்படிக்கு,
பொன்னுமணி


பெங்களூர்
15-5-1977

பொன்னுமணி,

எப்படி இருக்கிறாய்? ஏப்ரலில் நான் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை.

‘நீங்கள்’ என்று எழுதியிருந்தாய். நீ பேசப் பழகியதிலிருந்து என்னை ‘நீ’ என்றுதான் சொல்லியிருக்கிறாய். நீ வைதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

உனக்கு நல்லது என்று நினைத்துத்தான் எழுதினேன். ராசிங்காபுரம் வேண்டாம், அம்மா வீடும் வேண்டாம் என்றால் பெங்களூருக்கு வந்துவிடு. இரண்டு அறை வீடாகப் பார்க்கிறேன். பக்கத்துத் தெருவில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடக்கிறது. மரியாதையாக இருக்கலாம். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

சுகம் என்று ஒரு வரியாவது போடு.

தவசி


போடி
19-6-1977

பெங்களூர் தவசி அவர்களுக்கு, சிலமலை இருளம்மாள் சொல்லச் சொல்ல, ஜீப்பு டிரைவர் பால்பாண்டி எழுதுவது. ஒரு வார்த்தை மாற்றக் கூடாது என்று பக்கத்தில் நின்று அதட்டுகிறாள். எனவே மன்னிக்கவும்.

தம்பி, நல்லா இருக்கீகளா? நான் நல்லா இருக்கேன். ஒங்க தங்கச்சிக்குத்தான் காய்ச்ச. படுத்த படுக்கையாக் கெடந்தா. இப்பத் தேவல, நேத்து எந்திரிச்சு நடந்தா. ஒங்களுக்கு எழுத வேணாம்னு சொன்னா. அவ சொல்றதையெல்லாம் கேக்குற ஆளு நான் இல்ல.

காய்ச்சல்ல அவ ஆத்தாளக் கூப்புடல, புருசனக் கூப்புடல. அண்ணே அண்ணேன்னு பொலம்பிக்கிட்டே கெடந்தா. கூடப்பெறந்த ஆளு இருந்தும் இப்பிடியான்னு எனக்கு வகுறு எரிஞ்சு போச்சு.

பெங்களூரு வா, தைக்கப் படின்னு எழுதுனீகளாமே. அவ எனக்கு வாசிச்சுக் காட்டுனா. ரெண்டு பேரும் சிரிச்சோம். நான் சிரிச்சு முடிச்சுப் பாத்தா, அவ அழுதுக்கிட்டு இருக்கா. ஏன் தம்பி, அவ இங்கன கதியத்துக் கெடக்கான்னு ஒங்களுக்கு யாரு சொன்னது? நீங்க இங்க வந்தீகளா, பாத்தீகளா? ஒத்த நா வந்து இருந்து பாருங்க. கஞ்சியோ கூழோ ஊத்துறோம். அம்புட்டையும் பாத்துட்டு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டுப் போங்க.

ஆவணி வருது. ஒங்க பவுச எல்லாம் அங்கன வச்சுட்டு வெரசா வாங்க.

இருளம்மாள் கைநாட்டு


பெங்களூர்
10-7-1977

பொன்னுமணி,

காய்ச்சல் முழுசாக விட்டதா? மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? இருளம்மாக்காவிடம் என் வணக்கத்தைச் சொல். அவர் வைததில் ஒன்றுகூடக் குறைத்து எழுதாத பால்பாண்டிக்கும் சொல்.

அந்தக் கடிதம் வந்த அன்றே புறப்பட்டிருக்க வேண்டும். புறப்படவில்லை. என் தரப்பில் நியாயம் இருக்கிறது என்று மனதுக்குள் வாதாடிக்கொண்டே இருந்தேன். நேற்று ஒரு விஷயம் நடந்தது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் எங்களுக்கு ஒரு செய்தி சொன்னார். இந்த வருஷ ஆரம்பத்தில் ஒரு கப்பல், கடலின் அடித்தரையில் வெந்நீர் ஊற்று இருக்கிறதா என்று தேடிப் போயிருக்கிறது. வெயில் எட்டவே எட்டாத ஆழம். சிறிய நீர்மூழ்கியில் இறங்கிப் பார்த்தார்கள். வெந்நீர் இருந்தது. அதைச் சுற்றிக் கூட்டங்கூட்டமாகச் சிப்பிகள், நண்டுகள், குழாய்க்குள் வாழும் புழுக்கள்! அழுகிய முட்டை போல நாறும் கந்தகத் தண்ணீர். அதை நம்பித்தான் அந்தக் குடித்தனமே நடக்கிறது போலிருக்கிறது.

அந்தக் கப்பலில் பாறை படித்தவர்கள் நிறைய இருந்தார்கள். உயிரியல் படித்தவர் ஒருவர்கூட இல்லை. அங்கே உயிர் இருக்காது என்று நினைத்ததால் யாரையும் அழைத்துப் போகவில்லை. பிடித்ததைக் கெடாமல் வைக்க மருந்து போதாமல், குடிக்க வைத்திருந்த சாராயத்தில் போட்டுக் கொண்டுவந்தார்களாம். கேட்டு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அறைக்கு வந்து படுத்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. பிப்ரவரியில் நான் உனக்கு எழுதியது ஞாபகத்துக்கு வந்தது. ஆண் துணை, நாலு சுவர், உறவு என்று பட்டியல் போட்டிருந்தேன். அதே கடிதத்தில், பட்டியல் போடுகிறவர்களைக் கேலி செய்த வரி எப்படி இருக்கிறது என்று உன்னையே கேட்டிருந்தேன். நன்றாக இருக்கிறது என்று நீயும் பதில் எழுதினாய். எனக்கு இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது. காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய், என்ன சமைக்கிறாய், யாரோடு பேசிச் சிரிக்கிறாய் என்று ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை.

ஆடி கடைசியில் வருகிறேன். முதலில் உன் வீட்டுக்கு வருகிறேன். பரீட்சை வைத்துவிட்டு முடிவு சொல்ல வரவில்லை. முடிவு நீ செய்தது. நீ என்னிடம் கேட்டது துரும்பைப் பிடிக்க இரண்டு விரல், அவ்வளவுதான். ஊர்ப் பெரியவர் பெரியகருப்பன் ஐயாவுக்கும் காசிமாயனுக்கும் தனித்தனியே எழுதிவிட்டேன்.

கோபம் இருந்தால் இருக்கட்டும். ‘நீ’ என்று மட்டும் எழுது.

உன் அண்ணன்,
தவசி


பெங்களூர்
19-8-1977

பொன்னுமணி,

சுகமாக வந்து சேர்ந்தேன். அட்டை கடித்த இடம் இன்னும் அரிக்கிறது. சொறியும்போதெல்லாம் உங்கள் இருவர் நினைப்பு வருகிறது.

பஞ்சாயத்து முடிந்ததும் ரயிலைப் பிடிக்க ஓடியதில், ராமுத்தாய் கடையில் காத்திருந்த உன்னிடம் ‘முடிந்தது’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பெண் வரக் கூடாது என்று வழக்கம் வைத்திருக்கிறார்கள். உன்னைப் பற்றிய கூட்டத்தில் நீ மட்டும் இல்லை. நடந்தது உனக்குத் தெரிய வேண்டும்.

சுமார் இருபது பேர் கூடியிருந்தார்கள். அம்மா ஓரமாக நின்றாள். பெரியகருப்பன் ஐயா வைக்கோலிலிருந்து ஒரு துரும்பை உருவி எடுத்தார். காசிமாயன் ஒரு முனையைப் பிடித்தார், நான் மறுமுனையைப் பிடித்தேன். இதோடு முடிந்தது என்று நினைத்து நான் கிள்ளப் போனேன். “பொறுப்பா” என்று ஐயா கையைத் தடுத்தார். “தங்கச்சியப் பெறந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சபைக்குச் சொல்லு. சொன்னாத்தான் துரும்பு.”

அப்படி ஒரு வார்த்தை உண்டென்று எனக்குத் தெரியாது. சித்தப்பா மொக்கச்சாமி என் காதில், “சொல்லிருப்பா, சும்மா ஒரு வார்த்தைதான” என்றார். அது சும்மா வார்த்தை இல்லை என்று அவருக்கும் தெரியும். நான் சபையில் சொல்லிவிட்டால் மறுநாளே அவரும் அம்மாவும் அதைச் சொல்லி உன்னை மலையிலிருந்து இறக்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால் துரும்பு இல்லை. பெரிய பெரிய அவைகளில் பேசியிருக்கிறேன், ஒரு வார்த்தையை இப்படி எடை போட்டதில்லை.

“அவ வீட்டுக்கு அவ போறா” என்றேன்.

கூட்டம் சலசலத்தது. “அது எந்த வீடு?” என்று ஐயா கேட்டார்.

“மலையில இருக்கு. நான் ரெண்டு நா இருந்துட்டுத்தான் வர்றேன்.”

“ஆம்பள இல்லாத வீடா?”

“ஆமாய்யா. நல்லாச் சாப்பிட்டேன், நல்லாத் தூங்குனேன். அவ சத்தமாப் பேசுறா. கட்டிக்குடுத்ததுலருந்து அவ அப்பிடிப் பேசி நான் கேட்டதில்ல.”

“வழக்கத்துல அப்பிடி ஒரு சொல்லு கெடையாதுப்பா” என்று ஐயா துரும்பைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அப்போது காசிமாயன் பேசினார். துரும்பை விடாமல், தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “பெரியவுகளே, அவ எங்க போறான்னு நம்ம எதுக்குக் கேக்கணும்? எங்க வீட்ல இருந்தப்ப, இருக்காளா இல்லையான்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. இப்பக் கேக்க எனக்கு என்ன யோக்கியத இருக்கு? கிள்ளுங்க மச்சான்.”

நான் கிள்ளினேன். அவரும் கிள்ளிப்போட்டார். ஐயா எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சரி, போகட்டும்” என்றார்.

அந்த மனுஷனைப் பற்றி நான் நினைத்திருந்ததும் முழுசு இல்லை என்று ரயிலில் தோன்றியது. அம்மா என்னோடு பேசவில்லை. ஆனால் ஸ்டேஷன் வரைக்கும் கூடவே வந்தாள்.

தவசி


போடி மலை
4-10-1977

அண்ணே,

நானும் இருளம்மாக்காவும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? மெஸ் சாம்பாரை இன்னும் மாற்றவில்லையா? எங்கள் தோட்டத்தில் முதல் காய் எடுத்துவிட்டோம். கொஞ்சம்தான், ஆனால் எங்களுடையது. அம்மா போன ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் வந்தாள். வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நல்லா இருக்கிறது என்றும் சொல்லவில்லை, நல்லா இல்லை என்றும் சொல்லவில்லை. சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இப்போதைக்கு அது போதும்.

உன் கட்டுரை அச்சில் வந்ததைப் பார்த்தேன். கடலுக்கு அடியில் குடித்தனம் நடத்துகிற அந்தப் புழுக்களை இருளம்மாக்காவுக்குப் படித்துக் காட்டினேன். “இருக்கும், இருக்கும்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் புழுவும் தண்ணீரில்தானே இருக்கிறது? முதலில் தெரிந்ததைத் தேடு, மிச்சப் பொழுதில் தெரியாததைத் தேடு என்பதுதான் இன்னமும் என் கட்சி. அடுத்த கட்டுரையில் இதற்குப் பதில் எழுது.

பஞ்சாயத்தில் நடந்ததை நீ எழுதியிருந்ததைப் பல தடவை படித்தேன். நீ சபையில் சொன்னதைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது. அவர் சொன்னதைப் படித்தபோது என்னவென்று சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நடந்த ஒன்றை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

நேற்று சாமான் வாங்கப் போடிக்கு இறங்கினேன். ஜீப்பு நிற்கிற இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கல்யாணம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. நான் பார்க்காதது போல ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவரே பக்கத்தில் வந்தார். வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பால்பாண்டி வண்டியைக் கிளப்பிவிட்டான். அப்போதுதான், “பொன்னுமணி” என்றார். அந்த வீட்டில் நான் இருந்த வரைக்கும் ‘இந்தா’ என்பதைத் தவிர என்னை அவர் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

“மேல ரொம்பக் குளுருமா?” என்று கேட்டார்.

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது, அண்ணே. இத்தனை வருஷத்தில் முதல் கேள்வி. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அவர் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. அறுத்துவிட்டதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இந்த ஒரு கேள்வியை முன்பே கேட்டிருக்கலாமே என்றுதான் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருக்குப் பதில் சொன்னேன்.

“குளுரும். ஆனா, இருக்கலாம்.”

உன் தங்கச்சி,
பொன்னுமணி